நான்கு ஓட்டுத் தளபதி

1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் காலை. காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூர் வயல்வெளியில் கிழக்கிந்தியக் கும்பெனியின் கர்னல் வில்லியம் பெய்லியின் படையை மைசூரின் ஐதர் அலியின் படை சுற்றி வளைத்து அழித்துக்கொண்டிருந்தது. சில மைல் தொலைவில் தன் படையுடன் இருந்த சென்னையின் தலைமைத் தளபதி சர் ஹெக்டர் மன்றோ, அடிவானத்தில் எழுந்த புகையைப் பார்த்தார். தப்பி ஓடிவந்த சிப்பாய் ஒருவரின் வாயால் முடிவைத் தெரிந்துகொண்டார். படையைத் திருப்பிக்கொண்டு காஞ்சிக்கே போய்விட்டார். அதே வாரங்களில்தான் பிரிட்டனில் பொதுத் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. ஸ்காட்லாந்தின் வடபகுதியில் இன்வெர்னஸ், ஃபாரஸ், நேர்ன், ஃபோர்ட்ரோஸ் என்ற நான்கு ஊர்கள் சேர்ந்து தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரை மூன்றாம் முறையாகத் தேர்ந்தெடுத்தன. அந்த உறுப்பினரும் இந்த மன்றோவேதான்.

கப்பலில் கடிதம் போய்ச்சேர மாதக்கணக்கில் ஆன காலம் அது. புள்ளலூர் சேதி தெரியாமல் தேர்ந்தெடுத்தார்கள் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் எல்லாம் தெரிந்த பிறகு வந்த 1784, 1790, 1796 தேர்தல்களிலும் அவரே வென்றார். 1768 முதல் 1802 வரை 34 ஆண்டுகள் அந்தத் தொகுதி அவருடையது. அதில் நான்கு ஆண்டு அவர் சென்னையில் இருந்தார் என்பது யாருக்கும் பெரிய குறையாகப் படவில்லை.

ஒரு பெயர்க் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். சென்னைத் தீவுத்திடல் அருகே அங்கவடி இல்லாத குதிரையில் உட்கார்ந்திருப்பவர் தாமஸ் மன்றோ. ரயத்துவாரி வரிமுறையோடு சேர்த்துப் பேசப்படும், பிற்கால ஆளுநர். 1780இல் அவர் சென்னைக்கு வந்திறங்கிச் சில மாதங்களே ஆன இளைஞர். ஹெக்டரின் படையில் ஒருவராக அந்தப் பின்வாங்கலில் நடந்து வந்தவர். பெயர் ஒன்றுதானே தவிர, சிலை ஹெக்டருக்கு இல்லை.

ஹெக்டர் மன்றோ 1726 வாக்கில் ஸ்காட்லாந்தின் ராஸ் வட்டாரத்தில் நோவர் என்ற சிறு பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். பெருஞ்செல்வம் இல்லாத மலைநாட்டுக் குடும்பத்துப் பிள்ளைக்கு அன்று இருந்த வழி ராணுவம். 1761இல் 89ஆம் ஹைலாண்டர் படைப்பிரிவோடு பம்பாய்க்கு வந்தார். மூன்றே ஆண்டுகளில் வங்காளப் படையின் தலைமை அவர் கைக்கு வந்தது.

அந்தப் படை அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. மிர் ஜாபரை மறுபடியும் வங்காள நவாபாக உட்காரவைத்ததற்காகக் கிடைத்த சன்மானப் பணத்தில் வெள்ளைச் சிப்பாய்க்கும் இந்தியச் சிப்பாய்க்கும் பெரிய வித்தியாசம் காட்டப்பட்டிருந்தது. 1764 செப்டம்பரில் ஒரு பட்டாளம் தன் ஆங்கில அதிகாரிகளையே பிடித்து வைத்தது. மன்றோ அந்தப் பட்டாளத்தை வளைத்துப் பிடித்து, பிகாரில் உள்ள சாப்ராவில் நிறுத்தினார். இந்திய அதிகாரிகளைக் கொண்டே விசாரணை. இருபதுக்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை. பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்க உத்தரவு. கட்டப்பட்டவர்களில் கிரனேடியர் வகுப்பைச் சேர்ந்த நால்வர், போரில் எப்போதும் தாங்கள்தான் வலப்புறத்தில் நின்றோம், சாவிலும் அந்த மரியாதை வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களை வலப்புறப் பீரங்கிகளுக்கு மாற்றினார்கள். பார்த்துக்கொண்டிருந்த மற்றச் சிப்பாய்கள் இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று முணுமுணுத்தபோது, அவர்கள் பக்கமே பீரங்கிகளைத் திருப்பி ஆயுதங்களைக் கீழே போடச் சொன்னார் மன்றோ. போட்டார்கள்.

அடுத்த மாதம் பக்சர். ஏறத்தாழ 7,000 பேரைக் கொண்டு, 40,000 பேர் கொண்டதாகச் சொல்லப்படும் அவத் நவாப் சுஜா உத் தௌலாவின் கூட்டணிப் படையை மன்றோ முறியடித்தார். வங்காளம், பிகார், ஒரிசா மாகாணங்களில் வரி வசூலிக்கும் திவானி உரிமை 1765இல் கும்பெனிக்குக் கிடைத்தது இந்த வெற்றியால்தான். பிளாசியில் நடந்தது பாதி பேரம், பாதி துப்பாக்கி. பக்சரில் நடந்தது உண்மையான சண்டை. நம் பாடநூல்களில் மன்றோ பெயர் வருவதும் இதனால்தான். அந்த இடம் அவருக்குத் தகும்.

ஆனால் வெற்றிக்கு ஒரு ரசீதும் இருக்கிறது. எட்டு ஆண்டுகள் கழித்து கும்பெனியாரின் வருமானத்தைத் தோண்ட நாடாளுமன்றம் ஒரு குழு அமைத்தது. அதற்குத் தலைவர் ஜான் பர்கோயின். அவரும் ராணுவ அதிகாரி, நாடாளுமன்ற உறுப்பினர். யார் யாருக்கு எவ்வளவு அன்பளிப்பு என்று அந்தக் குழு போட்ட பட்டியலில் மன்றோவும் இருக்கிறார். காசி மன்னர் பல்வந்த் சிங்கிடமிருந்து 10,000 பவுன், வங்காள நவாபிடமிருந்து 3,000 பவுன். காசி வணிகர்கள் படைக்குக் கொடுத்தது 4 லட்சம் ரூபாய். மனமுவந்து கொடுத்தார்களா என்று கேட்பது வீண். ஊர் வாசலில் ஜெயித்த படை நிற்கும்போது கொடுக்கிற பணத்துக்குத் தமிழில் வேறு பெயர் உண்டு.

இந்தப் பணத்தோடு ஊர் திரும்பியவருக்கு நாடாளுமன்றம் தூரமில்லை. அதற்குக் காரணம் ஸ்காட்லாந்தின் அன்றைய தேர்தல் முறை. நகரத் தொகுதிகளில் பொதுமக்களுக்கு ஓட்டே கிடையாது. ஒவ்வொரு ஊரின் மன்றமும் ஒரு பிரதிநிதியை அனுப்பும். நான்கு ஊருக்கு நான்கு பிரதிநிதிகள், ஆக நான்கு ஓட்டு. இரண்டுக்கு இரண்டு என்று வந்தால், அந்த முறை தலைமை தாங்கும் ஊருக்கு இன்னோர் ஓட்டு. மன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதும் பெரும்பாலும் பழைய மன்ற உறுப்பினர்களே. இப்படிப்பட்ட இடத்தில் வேட்பாளர் மேடை ஏற வேண்டாம், வாக்குறுதி தர வேண்டாம். நான்கு ஊர்களின் பெரிய மனிதர்களுடைய பிள்ளைகளுக்கு ராணுவத்திலோ கும்பெனியிலோ வேலை வாங்கித் தர முடிந்தால் போதும். பக்சரின் நாயகனால் அது முடியும்.

இந்த இடத்தில்தான் இவருடைய வாழ்க்கை ஒரு தனிமனிதர் கதையாக இல்லாமல் போகிறது. ராபர்ட் கிளைவ் நாடாளுமன்ற உறுப்பினர். வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்களை வென்ற அயர் கூட் நாடாளுமன்ற உறுப்பினர். கும்பெனியை விசாரித்த பர்கோயின், பிற்பாடு 1777இல் அமெரிக்காவின் சரடோகாவில் மொத்தப் படையோடு சரணடைந்து, அதன் பிறகும் சாகும்வரை உறுப்பினராகவே இருந்தவர். போரை நடத்துகிறவரும் போருக்குப் பணம் ஒதுக்குகிறவரும் போரில் நடந்த தவறை விசாரிக்கிறவரும் ஒரே அவையில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே கேள்வி எப்படி வரும்? வந்தாலும் எதிர்க்கட்சியைக் குத்துவதற்கான ஊசியாகத்தான் வரும். கிளைவ் மீதான விசாரணையே, அவர் நாட்டுக்குப் பெரும் சேவை செய்தார் என்ற தீர்மானத்தோடு முடிந்தது.

மன்றோவை மறுபடியும் இந்தியாவுக்கு அனுப்பியது நாட்டுப்பற்று இல்லை, கடன். ஸ்காட்லாந்தில் 'அயர் வங்கி' என்று அழைக்கப்பட்ட டக்ளஸ், ஹெரன் நிறுவனம் 1772இல் பணம் கொடுக்க முடியாமல் கதவை மூடியது. பங்குதாரர்கள் தங்கள் முழுச் சொத்தையும் கொண்டு ஈடு செய்யவேண்டிய நிலை. பெரிய நிலக்கிழார்களே ஆட்டம் கண்டார்கள். அவர்களில் ஒருவர் மன்றோ. இழந்ததை மீட்க அவருக்குத் தெரிந்த ஊர் ஒன்றுதான். 1778இல் சென்னைப் படையின் தலைமையை வாங்கிக்கொண்டு வந்தார்.

வந்த வேகத்தில் ஒரு வெற்றி. பிரெஞ்சுக்காரர்களோடு போர் மூண்டதும் புதுச்சேரியை முற்றுகையிட்டு, அந்த ஆண்டு அக்டோபரில் பிடித்தார். ஆளுநர் பெல்கோம்ப் கடைசிவரை போராடித்தான் கொடுத்தார். மறுஆண்டு மன்றோவுக்கு 'சர்' பட்டம். அதே ஆண்டு மலபார் கரையில் மாஹேயையும் கும்பெனி பிடித்தது. மாஹே தன் பாதுகாப்பில் இருக்கிறது, தொடாதே என்று ஐதர் அலி முன்பே எச்சரித்திருந்தார். அதைச் சென்னைக் கோட்டையில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1780 ஜூலையில் ஐதர் செங்கம் கணவாய் வழியாக, அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டுச் சமவெளியில் இறங்கினார். உடன் வந்த படை எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் என்கிறார்கள். கோட்டையில் இருந்தவர்கள் ஊர்கள் எரிவதைப் பரங்கிமலையிலிருந்து பார்த்த பிறகுதான் நம்பினார்கள். எரித்தது ஐதரின் குதிரைப்படை. இதில் எந்தப் பக்கத்துக்கும் புண்ணியம் சேராது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் தொண்டை மண்டலத்துக் குடியானவன் பட்ட பஞ்சத்தில் இரு படைகளுக்கும் பங்குண்டு.

குண்டூர்ப் பக்கத்திலிருந்து பெய்லி ஏறக்குறைய 2,800 பேரோடு தெற்கே வந்துகொண்டிருந்தார். அவரும் மன்றோவும் சேர வேண்டும். எங்கே? சென்னைக்குப் பக்கத்திலேயே என்றார் ஹைலாண்டர் படையின் தலைவர் லார்ட் மக்லவுட். காஞ்சிபுரத்தில் என்றார் மன்றோ. மக்லவுட் அந்தத் திட்டத்தில் தலைமை ஏற்கத் தயங்கவே, மன்றோ தானே கிளம்பினார். ஆனால் அவர் கோட்டையின் ஆட்சிக்குழுவிலும் உறுப்பினர். அவர் களத்துக்குப் போய்விட்டால் ஆளுநர் தரப்பின் பெரும்பான்மை போய்விடும். அதனால் அவர் திரும்பி வரும்வரை குழுவில் இன்னொருவரைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஐதர் ஆற்காட்டைச் சுற்றி நிற்கிறார். இங்கே ஓட்டுக் கணக்கு நடக்கிறது. இன்வெர்னஸில் பழகிய கணக்குதான்.

பெய்லி செய்த பிழையும் சிறியது இல்லை. ஆகஸ்ட் 25ஆம் தேதி கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்தார். ஆறு வறண்டு கிடந்தது. நாளைக் காலை கடக்கலாம் என்று வடகரையில் கூடாரம் அடித்தார். இரவில் வெள்ளம் வந்தது. கடக்க செப்டம்பர் ஆகிவிட்டது. பாலாறோ கொசஸ்தலையோ, இந்த வட்டாரத்து ஆறுகளின் குணம் தெரிந்த யாரையும் அவர் கேட்கவில்லை போலிருக்கிறது. அந்த ஒரு வாரத்தில் ஐதர் தன் மகன் திப்புவை அவர்மேல் ஏவிவிட்டார். செப்டம்பர் 6ஆம் தேதி பெரம்பாக்கத்தில் திப்புவைப் பெய்லி தாக்குப்பிடித்தார். ஆனால் இனித் தனியாக நகர முடியாது, உதவி வேண்டும் என்று மன்றோவுக்குச் சேதி அனுப்பினார்.

மன்றோ அப்போது காஞ்சியில். ஆகஸ்ட் 29 முதல் அங்கேயே இருக்கிறார். பீரங்கிச் சத்தம் காதில் விழும் தூரம். தான் மொத்தமாக நகர்ந்தால் காஞ்சியில் சேர்த்துவைத்திருந்த தானியமும் பெரிய பீரங்கிகளும் ஐதர் கையில் போய்விடும் என்று அஞ்சினார். அதனால் இருந்த படையிலிருந்து ஆயிரம் பேரைப் பிரித்து, கர்னல் ஃபிளெட்சர் தலைமையில் இரவோடு இரவாக அனுப்பினார். வழிகாட்டிகள் ஐதரிடம் விலைபோனவர்கள் என்று சந்தேகித்த ஃபிளெட்சர் வேறு வழியில் போய்ப் பெய்லியிடம் சேர்ந்துவிட்டார். மிகத் திறமையான காரியம். ஆனால் அதனால் விளைந்தது என்ன? இரண்டாக இருந்த படை மூன்றாகி, அதில் ஒரு பகுதி பொறிக்குள் கூடுதல் இரையாகப் போய்ச் சேர்ந்தது.

செப்டம்பர் 9 இரவு பெய்லி நடந்தார், நடுவழியில் நின்றார். விடிந்ததும் ஐதரின் மொத்தப் படையும் அவரைச் சூழ்ந்துகொண்டது. ஏவுகணைகள் பறந்தன, வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படையில் பெரும்பாலோர் மாண்டனர், மிச்சமிருந்தோர் கைதாயினர். ஃபிளெட்சர் இறந்தார். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் 1782 நவம்பரில் இறந்தார். அங்கே தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு தீட்டவைத்த சித்திரத்தில், பல்லக்கில் உட்கார்ந்திருக்கும் பெய்லியை இன்றும் பார்க்கலாம்.

மன்றோ காஞ்சிக்குத் திரும்பி, எந்தப் பீரங்கிகளைக் காப்பாற்ற நகராமல் இருந்தாரோ அதே பீரங்கிகளைக் குளத்தில் தள்ளினார். தானியத்தையும் விட்டுவிட்டுச் செங்கல்பட்டு வழியாகப் பரங்கிமலைக்கு ஓடினார். புள்ளலூர் பெய்லியின் தோல்வி என்றே பெரும்பாலும் எழுதப்படுகிறது. படையைக் காஞ்சிக்கு இழுத்தவர், பன்னிரண்டு நாள் சும்மா இருந்தவர், கடைசியில் பாதிக் கிணறு தாண்டியவர் மன்றோ. முதற்பொறுப்பு அவருடையது. இறந்தவர் பதில் பேச முடியாததும், திரும்பி வந்தவருக்கு ஆட்சிக்குழுவிலும் நாடாளுமன்றத்திலும் இருக்கை இருந்ததும் பழியை இடம் மாற்றின.

வங்காளத்திலிருந்து வாரன் ஹேஸ்டிங்ஸ் அனுப்பிய அயர் கூட், நவம்பரில் சென்னைக்கு வந்து தலைமையை எடுத்துக்கொண்டார். சென்னையின் ஆளுநர் பொறுப்பில் இருந்த ஒயிட்ஹில் பதவி நீக்கப்பட்டார். மன்றோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அயர் கூட்டுக்கு அடுத்த நிலையில் தொடர்ந்தார். 1781 ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் முதல் வரிசையை நடத்தி நன்றாகவே போரிட்டார். ஆகஸ்ட் 27ஆம் தேதி அதே புள்ளலூரில் இரண்டாவது சண்டை. அங்கே களத்திலேயே கூட் அவரைக் கடிந்து பேச, மனம் கசந்து ஒதுங்கிக்கொண்டார்.

புள்ளலூருக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே முதலாம் மகேந்திரவர்மன் தன் பெரும்பகைவரை அங்கே வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. காஞ்சியைக் குறிவைத்து வடக்கே இருந்து வருகிற எவனும் மிதிக்கிற மண் அது.

ஒதுங்கியவரை மீண்டும் வெளியே அழைத்தவர் புதிய ஆளுநர் மெக்கார்ட்னி. டச்சுக்காரர்களோடும் போர் தொடங்கிவிட்டது. சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் நாகப்பட்டினம். கடலில் அட்மிரல் ஹியூஸ், கரையில் மன்றோ. கோட்டைக்குள் டச்சுக்காரரோடு ஐதரின் ஆட்களும் இருந்தார்கள். வெளியே இருந்தவர்களைவிட உள்ளே இருந்தவர்கள் அதிகம். இருந்தும் மூன்றே வாரத்தில், 1781 நவம்பரில், கோட்டை பணிந்தது. அடுத்த ஜனவரியில் ஹியூஸ் திரிகோணமலையையும் பிடித்தார். நாகப்பட்டினம் 1784 உடன்படிக்கையில் நிரந்தரமாகவே ஆங்கிலேயர் வசம் போனது. புதுச்சேரி, நாகப்பட்டினம்: முற்றுகை என்றால் மன்றோ கெட்டிக்காரர்தான். நகரும் எதிரியை எதிர்கொள்ளும்போதுதான் அவருக்குக் கை கால் ஓடாது.

1782இல் ஊர் திரும்பினார். நோவர் பண்ணைக்கு மேலே, 453 மீட்டர் உயரமுள்ள ஃபைரிஷ் மலை உச்சியில் மூன்று வளைவுகள் கொண்ட ஒரு கல் வாசல் கட்டினார். நாகப்பட்டினத்துக் கோட்டை வாயிலின் சாயல் அது என்று சொல்கிறார்கள். வேலையில்லாத ஊராருக்குக் கூலி கிடைக்கட்டும் என்று கட்டியதாகவும், வேலை சீக்கிரம் முடியாமல் இருக்க மலை மேலிருந்து கற்களை உருட்டிவிட்டு மறுபடியும் சுமக்கவைத்ததாகவும் அங்கே ஒரு கதை உலவுகிறது. வள்ளல் என்று காட்டும் கதை. ஆனால் அந்த ஜனங்கள் ஏன் வேலையில்லாமல் இருந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். குத்தகைக் குடிகளை வெளியேற்றிவிட்டு ஆட்டுப்பண்ணை வைத்தால் லாபம் என்று அந்த வட்டாரத்து நிலக்கிழார்கள் கண்டுகொண்ட காலம் அது. அவர்களில் மன்றோவும் ஒருவர். அவருடைய கில்டர்மோரி மலைப் புலத்தை ஆட்டுப்பண்ணை வைக்கக் குத்தகைக்கு எடுத்த கேமரன் சகோதரர்கள், பக்கத்து ஊர்க்காரர்களின் மாடுகளைப் பிடித்து அடைத்தார்கள். ஊர்க்காரர்கள் திரண்டு வந்து மாடுகளை மீட்டார்கள். 1792 கோடையில் அது பெரிய கிளர்ச்சியாகி, ராஸ் வட்டாரத்து ஆடுகள் அத்தனையையும் தெற்கே விரட்டத் தொடங்கினார்கள். ராணுவம் வந்தது, கைது, இன்வெர்னஸில் வழக்கு, நாடுகடத்தல் தண்டனை. கேலிக் பேசும் அந்த மக்களின் நினைவில் அது 'ஆடுகளின் ஆண்டு'. கிளர்ந்தவர்களுக்கு நாடாளுமன்றத்தில் பேச ஓட்டு இல்லை. அவர்களின் நிலக்கிழாருக்கு இருக்கையே இருந்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் அவர் மகன்களில் ஒருவரை வங்காளத்தின் சாகர் தீவில் புலி அடித்துக் கொன்றது. வெள்ளைக்காரர் மேல் புலி பாய்ந்திருக்கும் திப்புவின் மரப் பொம்மை, லண்டன் அருங்காட்சியகத்தில் இப்போது இருப்பது, அந்தச் சாவைக் கொண்டாடச் செய்தது என்று சொல்வோர் உண்டு. இருக்கலாம். புலி திப்புவின் அரச முத்திரை என்பதால், அந்தச் செய்தி இல்லாமலும் அவர் அப்படி ஒன்றைச் செய்யச் சொல்லியிருக்கக்கூடும்.

மன்றோ 1798இல் முழு ஜெனரல் ஆனார். 1805இல் படுக்கையில் இறந்தார். பக்சரை வைத்துப் பார்த்தால் பெரிய தளபதி, புள்ளலூரை வைத்துப் பார்த்தால் தகுதியற்ற தளபதி. இரண்டுக்கும் நடுவே அவரைத் தாங்கிப் பிடித்தது அந்த நான்கு ஓட்டு.

புள்ளலூரில் இன்று இரண்டு நினைவுத் தூண்கள் இருக்கின்றன. அவை 1781 சண்டையில் இறந்த ஆங்கில அதிகாரிகளுக்காக எழுப்பப்பட்டவை. 1780இல் அங்கே மடிந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் உருதுவும் பேசிய சிப்பாய்கள். இரு தரப்பிலும் அவர்களே. காஞ்சிக்குப் பட்டு வாங்கவும் கோயில் பார்க்கவும் ஆண்டு முழுதும் ஆட்கள் வருகிறார்கள். மகேந்திரவர்மனில் தொடங்கி அந்தச் சிப்பாய்கள்வரை, அந்த மண்ணில் என்ன நடந்தது, யார் முடிவெடுத்தார்கள், யார் செத்தார்கள் என்று தமிழில் சொல்லும் ஒரு விளக்கப் பலகைக்கு மாவட்ட நிர்வாகமும் தொல்லியல் துறையும் ஏற்பாடு செய்யட்டும். பாடநூல் எழுதுவோர், பக்சர் பாடத்தில் மன்றோவின் பெயர் வரும் இடத்திலேயே, பதினாறு ஆண்டு கழித்து அவர் காஞ்சியில் காத்திருந்த பன்னிரண்டு நாளையும் ஒரு வரி சேர்க்கட்டும்.